பேட் இல்லாத கோட், தொடையில் இடமுள்ள பேண்ட்: முதல் முறை தைக்கப் போகிறவர்களுக்கு

நம் ஊரில் பெரும்பாலான ஆண்கள் முதன்முதலாகக் கோட் போடுவது தங்கள் கல்யாண ரிசப்ஷனில்தான். வைகாசி வெயில், வீடியோ விளக்கு, தோளில் கனத்த பேட், நெஞ்சில் அட்டை வைத்தது போன்ற விறைப்பு, உள்ளே முழுக்க பாலியஸ்டர் லைனிங். மூன்று மணி நேரம் மேடையில் நின்றுவிட்டுக் கழற்றும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அந்தக் கோட் அதன் பிறகு பீரோவை விட்டு வெளியே வருவதே இல்லை. கோட் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த நினைப்பை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். காலர், லேபல் (காலரிலிருந்து நெஞ்சுவரை வெளியே மடிந்து கிடக்கும் பட்டை), நல்ல வெட்டு எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் விறைப்பை மட்டும் எடுத்துவிட்டு, துணியை உடம்பின் மேல் இயல்பாக விழ விடும் தையல் ஒன்று உண்டு. கூடவே இடுப்பில் உயர்ந்து, தொடையில் இடம் கொடுத்து, நேராக இறங்கும் பேண்ட். இன்று ஆண்கள் உடையில் எனக்கு மிகவும் பிடித்த பாணி இதுதான். நம் வெயிலுக்கு ஸ்லிம் ஃபிட்டைவிட இது எவ்வளவோ மேல்.

தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிப் போட்டுக்கொள்வது. நானும் செய்தேன். மார்பு 40 எனக்கு. 44 சைஸில் ஒரு ரெடிமேட் லினன் கோட் வாங்கினேன். தோள் முழங்கையை நோக்கிச் சரிந்தது, காலர் கழுத்தை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. கண்ணாடியில் பார்த்தால் அண்ணன் கோட்டை எடுத்துப் போட்ட பையன்போல இருந்தது. தொளதொளப்பு வேறு, விழுவது வேறு என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

புரிய வைத்தது வேட்டிதான். வேட்டி இடுப்பில் கெட்டியாக நிற்கிறது. அதற்குக் கீழே முழுக்க விழுகிறது. இடுப்புப் பிடி தளர்ந்தால் அந்த விழுகையின் அழகும் போய்விடும். கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் இதே கணக்குதான். கோட் பிடிக்க வேண்டிய இடங்கள் கழுத்து, தோள், கைக்குழி. பேண்ட் பிடிக்க வேண்டிய இடம் இடுப்பு. இந்த நான்கு இடங்களில் அரை இன்ச்கூடத் தவறக் கூடாது. மற்ற இடங்களில் துணிக்குத் தாராளமாக இடம் கொடுங்கள்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டில் இருக்கும் பழைய கோட்டை எடுங்கள். தோள் நுனியை இரண்டு விரலால் அழுத்துங்கள். மெத்தை மாதிரி ஒன்று அகப்பட்டால் அதுதான் பேட். அடுத்து, கடைசிப் பட்டனுக்குக் கீழே முன்பக்கத் துணியை மட்டும் கிள்ளி, உள்துணியிலிருந்து பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு துணி தனியாக மிதப்பது தெரிந்தால் அது கேன்வாஸ். பருத்தி அல்லது கம்பளியோடு குதிரை முடி சேர்த்து நெய்தது, நூலால் பிடித்துத் தைத்தது. அப்படி எதுவும் தனியாக நகராமல் மேல்துணியே தடித்து விறைப்பாக இருந்தால் அது ஃபியூசிங். பசை தடவிய துணியைச் சூட்டில் அழுத்தி ஒட்டியிருப்பார்கள். விலை குறைந்த ரெடிமேட் கோட்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். சில தடவை டிரை கிளீனிங் போனபின் பசை விட்டு மேலே குமிழ் குமிழாக எழும்பும்.

நமக்கு வேண்டியது, பேட் இல்லாத தோள், லேபலுக்கும் நெஞ்சுக்கும் மட்டும் மெல்லிய கேன்வாஸ், பாதி லைனிங். இவ்வளவுதான் ரகசியம்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மாஸ்டரிடம் பேச உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஃப்ரெடெரிக் ஷோல்டே என்ற தையற்காரர், அரசக் காவல்படை ராணுவ அதிகாரிகளின் நீண்ட கோட்டைப் பார்த்து, நெஞ்சிலும் முதுகுப் பலகையிலும் கொஞ்சம் கூடுதல் துணி விட்டு வெட்டினார். நெஞ்சுக்கும் கைக்கும் நடுவில் மெல்லிய செங்குத்து மடிப்பாக அது விழும். பின்னாளில் வின்சர் கோமகன் ஆன வேல்ஸ் இளவரசர் அதை விரும்பிப் போட்டார். 1930களில் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஜென்னாரோ ருபினாச்சி நடத்திய ‘லண்டன் ஹவுஸ்’ கடையில், வின்சென்சோ அத்தோலினி என்ற கட்டிங் மாஸ்டர் ஆங்கிலேயக் கோட்டிலிருந்த பேடையும் கனத்த லைனிங்கையும் எடுத்தெறிந்தார். நேப்பிள்ஸ் கடலோர ஊர், வெயில் ஊர். அங்கே கோட்டின் கையைச் சட்டைக் கை மாதிரியே தோளில் பொருத்துவார்கள். அந்தத் தோளுக்கு ‘ஸ்பல்லா கமிச்சா’ என்று பெயர், அதாவது சட்டைத் தோள். அப்புறம் 1975இல் மிலானில் சொந்த நிறுவனம் தொடங்கிய ஜோர்ஜியோ அர்மானி, இதே மென்மையை ரெடிமேட் உடைக்குக் கொண்டுவந்து, பட்டனைக் கீழே இறக்கி, துணியைக் குழைய விட்டு, உலகம் முழுக்கப் பரப்பினார். இன்று நாம் பார்க்கும் மென்மையான கோட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஷோல்டே, அத்தோலினி, அர்மானி மூவரில் ஒருவராவது முன்னோர்.

கோட்டை விடுங்கள், பேண்ட்டிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் கோட்டில் ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். பேண்ட்டுக்குச் செலவு குறைவு, தினமும் போடலாம், தப்பானாலும் திருத்தலாம். அதைவிட முக்கியமாக, உங்கள் உருவத்தை அதிகம் மாற்றுவது பேண்ட்தான். நல்ல பேண்ட்டோடு சாதாரணச் சட்டையே அழகாக இருக்கும். ஒட்டிப் பிடிக்கும் பேண்ட்டின் மேல் எவ்வளவு நல்ல மென்மையான கோட்டைப் போட்டாலும் குடை மேல் துணி போட்டது போலத்தான்.

இந்தப் பேண்ட் நிற்கும் இடம் தொப்புள் மட்டம், அல்லது அதற்கு ஒரு இன்ச் கீழே. இப்போது நீங்கள் போடும் பேண்ட் அதைவிட இரண்டு, மூன்று இன்ச் கீழே இருக்கும். அளவெடுக்கும்போது மாஸ்டர் பழக்கத்தில் அந்தக் கீழ் இடத்தில்தான் டேப் வைப்பார். நீங்களே விரலால் தொட்டுக் காட்டி, “அண்ணே, இங்க நிக்கணும்” என்று சொல்லுங்கள். பழைய இடுப்பு அளவைச் சொல்லிவிடாதீர்கள். ஒல்லியானவர்களுக்கு மேல் இடுப்பு குறைவாக வரும், தொப்பை உள்ளவர்களுக்குக் கூடும்.

உத்தேச அளவுகள் சொல்கிறேன். இடுப்பு 32, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம் உள்ள ஒருவருக்கு: முன்பக்க ரைஸ் (கால் இரண்டும் சேரும் இடத்திலிருந்து இடுப்புவரை உள்ள உயரம்) பட்டியோடு சேர்த்து பதினொன்றரை முதல் 12 இன்ச். தொடைச் சுற்று 26, 27. முழங்கால் 21, 22. பாட்டம் சுற்று 17 அல்லது 18. ஸ்லிம் ஃபிட் பேண்ட்டில் பாட்டம் 13, 14தான் இருக்கும் என்பதால் முதலில் கேட்க மலைப்பாக இருக்கும். பயந்தால் 16இல் தொடங்குங்கள். தொடையை மட்டும் குறைக்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் “பெல்பாட்டம் திரும்ப வந்துடுச்சா?” என்று கேட்பார்கள். இரண்டும் நேர் எதிர். பெல்பாட்டம் தொடையைப் பிடித்து முழங்காலுக்குக் கீழே விரியும். இது தொடையில் இடம் விட்டு, கீழே போகப் போக நேராகவோ லேசாகக் குறுகியோ இறங்கும். உட்கார, எழ, மாடிப்படி ஏற, டூவீலரில் காலைப் போட எதற்கும் தடை இல்லை.

ப்ளீட், அதாவது இடுப்புப் பட்டிக்குக் கீழே முன்பக்கத்தில் பிடிக்கும் மடிப்பு, கட்டாயம் வையுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு: பெரியது ஒன்றே கால் இன்ச், அது பேண்ட்டின் நடு மடிப்புக் கோட்டோடு சேர வேண்டும், சின்னது முக்கால் இன்ச், பாக்கெட் பக்கம். மடிப்பு பாக்கெட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தால் இத்தாலியப் பாணி, ஃப்ளையை (முன்பக்க ஜிப்பை) பார்த்துத் திரும்பியிருந்தால் ஆங்கிலப் பாணி. புதியவர்களுக்கு முதலாவதே சுலபம். நிற்கும்போது ப்ளீட் மூடியே இருக்க வேண்டும். நின்றாலே வாய் பிளந்து நின்றால் சீட்டில் (பின்பக்கத்தில்) துணி போதவில்லை என்று அர்த்தம். “ப்ளீட் போட்டால் குண்டாகத் தெரியும்” என்று ரொம்ப பேர் சொல்வார்கள். அது சீட் இறுக்கமாக இருக்கும் ப்ளீட்டைப் பார்த்து வந்த பேச்சு. தொப்பை உள்ளவருக்கு உயர்ந்த இடுப்பும் சரியான ப்ளீட்டும் செய்யும் உதவியை வேறு எந்தப் பேண்ட்டும் செய்யாது.

பெல்ட் லூப்பை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. பெல்ட் போட்டு இழுத்தால் ப்ளீட் சுருங்கிக் கசங்கும். பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னப் பட்டியும் கொக்கியும் வைத்த சைடு அட்ஜஸ்டர் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் இன்ச் தளர்த்திக்கொள்ளலாம். அடியில் ஒன்றே முக்கால் இன்ச் அளவுக்கு வெளியே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். அந்த மடிப்பின் கனம் துணியைக் கீழே இழுத்து நேராக விழ வைக்கும்.

துணிக்கடையில் செய்ய வேண்டியவை

இந்தப் பாணியில் பாதி வேலை துணியுடையது. வெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் துணி விறைத்தால் கூடாரம் மாதிரி நிற்கும். ரொம்ப மெலிந்தால் காலில் ஒட்டும். புதியவர்கள் “லேசான துணி குளுமை” என்று நினைத்து மெல்லிய துணியாக எடுப்பார்கள். விழுவதற்குக் கொஞ்சம் கனம் வேண்டும். குளுமை வருவது நெசவின் இடைவெளியால்.

அதனால் கடையில் மூன்று காரியம் செய்யுங்கள். சுருளிலிருந்து இரண்டு மீட்டர் இழுத்துத் தோளில் தொங்கவிடுங்கள். மடிப்புகள் உருண்டையாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் நல்லது, கூர்மையாகப் புடைத்து நின்றால் வேண்டாம். ஒரு ஓரத்தைக் கைக்குள் இறுக்கி பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள்; எவ்வளவு கசங்குகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று தெரியும். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு அந்தப் பக்கம் போய்க் கையில் பட்டால் நம் வெயிலுக்கு அது சரி. கடைக்காரர் வித்தியாசமாகப் பார்த்தால் பார்க்கட்டும்.

லினன் எடுப்பதானால் லீ எண்ணைக் கேளுங்கள். எண் ஏற ஏற நூல் மெலியும். 60 லீ சட்டைக்கு. பேண்ட்டுக்கும் கோட்டுக்கும் 40 அல்லது அதற்கும் கீழே, நல்ல கனமானது. ஆளிச்செடி நாரில் வரும் இந்தத் துணி கசங்கத்தான் செய்யும். கனமான லினன் பெரிய, மெத்தென்ற கசங்கலாகக் கசங்கும், அது அழகு. மெல்லிய லினன் காகிதம் மாதிரி நொறுங்கும். லினனோடு விஸ்கோஸ் அல்லது டென்செல் (இரண்டும் மரக்கூழிலிருந்து செய்யும் இழைகள்) கலந்தது இன்னும் குழைந்து விழும், கொஞ்சம் குறைவாகக் கசங்கும். முதல் பேண்ட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கம்பளி என்றதும் ஊட்டி ஞாபகம் வரும். ஆனால் நூலை நன்றாக முறுக்கி, இடைவெளி விட்டு நெய்த டிராபிகல் வுல், சென்னையில் மார்ச் மாதம்வரை தாராளமாகப் போடலாம். வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகளாகத் தெரியும். மீட்டருக்கு 240 முதல் 280 கிராம் வரை எடுங்கள். கசங்கினாலும் ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டால் காலையில் நேராகிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை: கம்பளித் துணிக்கு ஒரு மீட்டர் நீளத்தின் எடையைச் சொல்வார்கள், லினனுக்குச் சதுர மீட்டரின் எடையைச் சொல்வார்கள். துணி அகலம் 150 சென்டிமீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு 240 கிராம் என்பது மீட்டர் நீளத்துக்கு 360 கிராம். எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலியஸ்டர் விஸ்கோஸ் சூட்டிங் நன்றாக விழும், மலிவு, கசங்காது. ஏசி அலுவலகத்துக்கு மட்டும் என்றால் எடுக்கலாம். வெளியே நடக்க வேண்டியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

58 இன்ச் அகலத்தில் இந்தப் பேண்ட்டுக்கு ஒன்றரை மீட்டர் வேண்டும். கடையில் 1.2 போதும் என்பார்கள். அது ஸ்லிம் ஃபிட் கணக்கு. கோட்டுக்கு 2 மீட்டர், கட்டம் போட்ட துணி என்றால் கட்டம் சேர்ப்பதற்குக் கால் மீட்டர் கூடுதல்.

வீட்டுக்கு வந்ததும் லினனையும் காட்டனையும் முழுசாகத் தண்ணீரில் ஒரு இரவு ஊறப் போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு, பிறகு தைக்கக் கொடுங்கள். ஒரு தடவை அவசரத்தில் இதைச் செய்யாமல் கொடுத்தேன். முதல் சலவையில் பேண்ட் ஒரு இன்ச்சுக்கு மேல் ஏறிவிட்டது, இறக்குவதற்கு உள்ளே துணியும் விடவில்லை. மிகவும் ஆசைப்பட்டு எடுத்த ஆலிவ் பச்சை லினன் அது. இன்னும் மனசு ஆறவில்லை. கம்பளியை மட்டும் நனைக்காதீர்கள், மாஸ்டரே ஆவி காட்டிச் சுருக்கிக்கொள்வார்.

யாரிடம் தைப்பது

அறுபதைத் தாண்டிய மாஸ்டரைத் தேடுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் டபுள் ப்ளீட் பேண்ட்டும் பேகியும் வெட்டிய கை அவருடையது. ரைஸை எங்கே ஏற்றுவது, சீட்டில் எவ்வளவு விடுவது என்பது அவருக்கு மனப்பாடம். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடையைவிட, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் ஒற்றை மிஷின் வைத்திருப்பவரிடம் எனக்கு நல்ல பேண்ட் கிடைத்திருக்கிறது.

கோட்டுக்கும் பேண்ட்டுக்கும் வேறு வேறு ஆளிடம் போவதில் தப்பில்லை. வின்சர் கோமகனே கோட்டை லண்டனில் ஷோல்டேயிடமும் பேண்ட்டை நியூயார்க்கிலும் தைத்துக்கொண்டவர்.

போகும்போது மூன்று படம் எடுத்துப் போங்கள், முப்பது வேண்டாம். முன்னால், பக்கவாட்டில், உட்கார்ந்தபடி. உங்களுக்குப் பொருந்தும் ஒரு பழைய சட்டையையும் கொண்டுபோங்கள், தோளளவுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கூட்டமில்லாத நாள், மத்தியான நேரம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய மாதத்தில் போனால் யாருக்கும் உங்கள் பேச்சைக் கேட்க நேரம் இருக்காது.

கோட் பற்றிப் பேசும்போது இப்படி ஒரு உரையாடல் நடக்கும், தயாராக இருங்கள்.

“அண்ணே, தோள்ல பேட் வேண்டாம்.”

“பேட் இல்லாம கோட் நிக்காது தம்பி.”

“நிக்க வேணாம்ணே, விழட்டும். சட்டைக் கை மாதிரி வச்சிடுங்க.”

பெரும்பாலான மாஸ்டர்கள் இதற்குப் பிறகு ஆர்வமாகிவிடுவார்கள். பிடிவாதமாக மறுப்பவரிடம் வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். கடைசியில் பேட் வைத்துத்தான் வரும்.

கோட்டுக்கு முன் ஒரு ஓவர்ஷர்ட்

நேராகக் கோட்டுக்குப் போகாமல், நடுவில் ஒரு படி வையுங்கள். கனமான லினனில், சட்டைக் காலரோடு, லைனிங் இல்லாமல், பெரிய ஒட்டுப் பாக்கெட் இரண்டு வைத்த ஓவர்ஷர்ட். இதை நல்ல சட்டைத் தையற்காரரே தைத்துவிடுவார். காலரில் ஃபியூசிங் வேண்டாம், அதே துணியை இரண்டு மடிப்பாக வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். மார்பளவுக்கு மேல் 6 இன்ச் லூஸ், நீளம் சீட்டில் பாதி. இதை ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். எந்த நிறம் உங்களுக்கு ஒத்துவருகிறது, தோளில் துணி எப்படி உட்காருகிறது, எவ்வளவு லூஸ் உங்களுக்குச் சுகம் என்று உடம்பே சொல்லும். சிலருக்கு இதுவே போதுமாக இருக்கும், கோட் தேவையே படாது. அதுவும் நல்ல முடிவுதான்.

கோட்

மாஸ்டரிடம் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுங்கள். பேட் கிடையாது. முன்பக்கம் முழுக்க ஃபியூசிங் கிடையாது. நெஞ்சுக்கும் லேபலுக்கும் மட்டும் மெல்லிய கேன்வாஸ், நூலில் பிடித்தது. பட்டன் மூன்று, ஆனால் லேபல் மேல் பட்டனைத் தாண்டி உருண்டு நடுப் பட்டனில் முடிய வேண்டும். லேபலை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தட்டையாக்கக் கூடாது, அந்த உருளல்தான் உயிர். கீழே ஒட்டுப் பாக்கெட். பின்னால் இரண்டு பக்கமும் வெட்டு. மார்பு லூஸ் 5 முதல் 6 இன்ச். நீளம் சீட்டை மூட வேண்டும். குட்டைக் கோட் இந்தப் பேண்ட்டோடு சேராது.

லைனிங் முதுகின் மேல்பாகத்துக்கும் கைகளுக்கும் மட்டும். கைக்கு லைனிங் எதற்கு என்று தோன்றும். வியர்த்த கை லினனுக்குள் வழுக்காது, போடும்போதும் கழற்றும்போதும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரும். விஸ்கோஸ் அல்லது குப்ரோ (பருத்திக் கழிவு இழையில் செய்யும் வழுவழுப்பான துணி) லைனிங் கேளுங்கள், பாலியஸ்டர் வேண்டாம். லைனிங் இல்லாத இடங்களில் உள்தையல் வெளியே தெரியும் என்பதால் ஒவ்வொரு ஓரத்துக்கும் பைப்பிங் வைத்து முடிக்க வேண்டும். அதனால் லைனிங் குறைந்தாலும் கூலி குறையாது, கூடவும் செய்யலாம். அது நியாயமான கூலி, பேரம் பேசாதீர்கள்.

கைக்குழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாராளமான கோட் என்றதும் மாஸ்டர் கைக்குழியையும் கீழே இறக்கி அகலமாக வெட்டிவிடுவார். கேட்டால் “அப்பதான் கை ஃப்ரீயா இருக்கும்” என்பார். நடப்பது தலைகீழ். கைக்குழி தாழ்ந்திருந்தால் கையைத் தூக்கும்போது கோட் முழுக்கக் கூடவே மேலே ஏறும், காலர் கழுத்தை விட்டு விலகும். கைக்குழி சின்னதாக, அக்குளுக்கு அருகே உயரமாக இருந்து, அதில் பொருத்தும் கையின் மேல்பாகம் மட்டும் அகலமாக இருந்தால், கை தனியாக அசையும், கோட் இருந்த இடத்தில் இருக்கும். நேப்பிள்ஸ் தோளில் தெரியும் சின்னச் சின்னச் சுருக்கங்கள் இந்த அகலமான கையைக் குறுகிய குழிக்குள் அடக்கியதால் வருபவை. முதல் கோட்டிலேயே உங்கள் மாஸ்டர் அந்தச் சுருக்கத்தை அழகாகக் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குழி உயர்ந்து வந்தாலே பெரிய வெற்றி.

தோள் ரொம்பச் சரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பேட் எடுத்தால் சரிவு அப்படியே தெரியும். எனக்கு அது அழகாகவே படுகிறது. மனசுக்கு ஒப்பவில்லை என்றால் கால் இன்ச்சுக்கும் மெலிந்த ஒரு துணி அடுக்கு வைக்கச் சொல்லலாம்.

ட்ரயல்

ட்ரயல் இல்லாமல் கோட் தைக்கக் கொடுக்காதீர்கள். பெரிய தையலாக ஓட்டிய நிலையில் ஒரு தடவை, கை பொருத்திய பின் ஒரு தடவை. அந்தப் பேண்ட்டையும், உள்ளே போடப் போகும் சட்டையையும், செருப்போ ஷூவோ அதையும் போட்டுக்கொண்டு போங்கள்.

முதலில் கழுத்தைப் பாருங்கள். கோட் காலர் சட்டைக் காலர் மேல் ஒட்டி உட்கார வேண்டும், தலையைத் திருப்பினாலும் விலகக் கூடாது. இது சரியில்லை என்றால் மற்றதைப் பார்த்துப் பயனில்லை, அங்கேயே சொல்லிவிடுங்கள். அடுத்து கை இரண்டையும் முன்னால் நீட்டி, பைக் ஓட்டுவதுபோல் வையுங்கள். உட்காருங்கள். கீழே விழுந்ததை எடுங்கள். பட்டன் போட்டால் அந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி இழுப்பு வந்தால் இடுப்பில் துணி போதாது. சட்டைக் கை அரை இன்ச் வெளியே தெரிய வேண்டும். பேண்ட்டின் நடு மடிப்பு நேராக இறங்கி ஷூவின் நடுவில் முடிய வேண்டும். உள்ளேயோ வெளியேயோ சாய்ந்தால் மாஸ்டரிடம் காட்டுங்கள், இடுப்புப் பட்டியில் சரி செய்வார். முன்னால் நின்று பார்ப்பதோடு விடாதீர்கள், நண்பரை விட்டு நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். விழும் துணியின் குறை நிறை நடையில்தான் தெரியும்.

எல்லா ஓரங்களிலும் உள்ளே ஒரு இன்ச் துணி விடச் சொல்வதை மறக்காதீர்கள்.

எதோடு எதைப் போடுவது

இதில் அதிகம் சொல்ல இல்லை. நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: பழுப்பு, மணல், காப்பி, அல்லது சாம்பல், கரி, வெளிர் நீலம். துணியே அசைந்து பேசும்போது நிறமும் சத்தம் போட வேண்டியதில்லை. உள்ளே மெல்லிய நிட் டி-ஷர்ட், அல்லது காலர் மெத்தென்ற சட்டை. விறைத்த ஃபார்மல் சட்டைக் காலர் இந்தக் கோட்டுக்குள் துருத்தும். காலில் லோஃபர் அல்லது நல்ல தோல் செருப்பு. கூர்முனை ஷூ வேண்டாம். அகலமான பாட்டத்துக்குக் கீழே அது தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். கட்டம் பிடித்தவர்கள் கைத்தறி மெட்ராஸ் கட்டத் துணியில் ஒரு லைனிங் இல்லாத கோட் தைத்துப் பாருங்கள். நம் ஊர் பெயரோடு உலகம் சுற்றிய துணி, பருத்தி என்பதால் துவைக்கத் துவைக்கக் குழையும்.

வைத்துக்கொள்வது

கம்பி ஹேங்கரில் மாட்டாதீர்கள், பேட் இல்லாத தோளில் மூன்றே நாளில் முட்டு விழும். அகலத் தோளுள்ள மர ஹேங்கர் வாங்குங்கள். போட்ட அன்று உடனே பீரோவில் வைக்காமல், ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி தொங்கவிட்டு, துணி பிரஷ்ஷால் துடைத்து வையுங்கள். டிரை கிளீனிங் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். நடுவில் கசங்கினால் ஆவி காட்டுங்கள். இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் ஈரத் துணி மேலே போட்டுத் தேய்க்கவும், லேபலைத் தொடவே வேண்டாம் என்றும் சொல்லிக் கொடுங்கள். அவர் பழக்கத்தில் அதை மடித்து அழுத்திவிடுவார். லினன் பேண்ட்டை வீட்டிலேயே துவைக்கலாம், பிழியக் கூடாது.

மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து வாரம் ஒரு தடவை காற்றாட விடுங்கள். கம்பளி வைத்திருந்தால் வேப்பிலையைக் காயவைத்துத் துணிப் பையில் கட்டி ஹேங்கரில் மாட்டுங்கள்.

முதல் பேண்ட்டும் முதல் கோட்டும் முழுசாகச் சரியாக வராது. ஒரு ஐந்தாறு மாதம் போட்ட பிறகு, எங்கே இடிக்கிறது, எங்கே இன்னும் கொஞ்சம் விடலாம் என்று ஒரு சீட்டில் எழுதி அதே மாஸ்டரிடம் போங்கள். உங்கள் பேட்டர்ன் காகிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும்படி முதல் நாளே கேட்டிருந்தீர்கள் என்றால், அவர் அதை எடுத்து விரித்து, சாக்பீஸால் உங்கள் கண் முன்னாலேயே திருத்திவிட்டு, அடுத்த துணி எப்போது வரும் என்று கேட்பார்.